வாடைப் பங்கு

இந்தக் கதையைச் சங்குமுனையின் மேலத்தெருவில் கேட்டால் ஒரு புகையிலிருந்து தொடங்குவார்கள். கீழத்தெருவில் கேட்டால் ஒரு கல்யாணத்திலிருந்து தொடங்குவார்கள். கடைத்தெருவில் கேட்டால் எந்த அடுப்பு நல்ல அடுப்பு என்ற வாக்குவாதத்திலிருந்து தொடங்கி, பெரும்பாலும் அதிலேயே முடித்தும்விடுவார்கள். மூன்று தொடக்கங்களும் ஊரில் நெடுநாளாக வழங்கிவருபவை. ஆயினும் அவை மூன்றுக்கும் முந்தியதாக ஒரு வழக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாதவருக்கு மற்றவை விளங்கமாட்டா.

சங்குமுனை கடலை ஒட்டிய முஸ்லிம் ஊர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அங்கே ஒரு வீட்டில் ஆக்கும் கறியின் மணம் எந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நுழைகிறதோ, அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆக்கிய வீட்டார் தட்டில் கை வைக்கலாம். இதற்கு வாடைப் பங்கு என்று பெயர். இதைக் கொண்டு அவ்வூர் தாராளமானது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வழக்கத்துக்கு அஞ்சியே அங்கு அடுக்களைகள் மூன்று கதவுகளுக்குப் பின்னால் கட்டப்பட்டன. புகைக்கூண்டுகள் கடலைப் பார்த்துத் திருப்பப்பட்டன. திறந்தவெளியில் கறி சுடுவதென்பது ஊர் முழுதும் உண்ணும் கந்தூரி நாளுக்கு மட்டும் உரியதாயிற்று.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான், வளைகுடாவில் ஒரு பெரிய விடுதியின் பின்கட்டில் இருபத்தாறு ஆண்டுக்காலம் பிறருக்குக் கறி சுட்டுக் கொடுத்துவிட்டு, இனி வெள்ளிக்கிழமை தோறும் தன் மொட்டைமாடியில் தன் வீட்டுக்கு மட்டும் சுட வேண்டும் என்ற ஒரே ஆசையுடன் உவைசு திரும்பி வந்தார். எந்த அடுப்பில் சுடுவது என்பதுதான் சிக்கல். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த, ஊருக்கே அண்ணன் முறையான பரக்காத்து காக்காவுடன் அவர் இதுபற்றிப் பேசிய பேச்சு கதையின் எல்லா வழக்குகளிலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் கிடைக்கிறது.

"கால் வச்ச திறந்த தட்டு வேணாம் காக்கா. பத்த வச்ச நிமிஷம் பதினாறு வீட்டுக்கு வாடை போயிரும். எனக்கு ஒரு கோழி, ஊருக்குப் பதினாறு கிண்ணமா?"

"அப்ப கேஸ் அடுப்பு எடுங்க. புகை கம்மி."

"கேஸுல வாட்டுனா அது சுட்ட கறியா? வெந்நியில முக்கி எடுத்த மாதிரி இருக்கும். கரி முன்னால இருவத்தாறு வருஷம் நின்னவன்ட்டப் போயிச் சொல்றிய பாருங்க."

"கரண்டு அடுப்பு ஒண்ணு கிடக்குது. புகையே கிடையாது."

"அதுல ஆஸ்பத்திரிக்காரன் ஊசி கொதிக்க வைக்கட்டும்."

ஒரு மாதம் அவர் தேர்ந்தார். தகட்டின் கனத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். கம்பிவலைக்கும் கரிக்கும் இடையில் நான்கு விரல் இருந்தால் கறி கருகும், ஒரு சாண் இருந்தால் வறளும், ஆறு விரலே அளவு என்று அளந்து காட்டினார். சிரட்டைக்கரி சீக்கிரம் சிவந்து சீக்கிரம் சாகும், சவுக்குக்கரி தாமதமாக எழுந்து நெடுநேரம் நிற்கும் என்று கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விளக்கினார். முடிவில், கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடியும், மூடியின் உச்சியில் திருகித் திறக்கும் ஒரு துளையும் உடைய உருண்டைக் கரியடுப்பை எடுத்தார். துளையைக் கடல் பக்கம் திருப்பி வைத்து, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன், கடலை நோக்கி மேல்காற்று வீசும் பொழுதில் சுட்டால் வாடை முழுவதும் மீன்களுக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு.

முதல் வெள்ளிக்கிழமை மூடியின் துளைவழியே வெளிவந்த புகை, கடல் பக்கம் போகவில்லை. கைப்பிடிச்சுவரின் அருகே சற்று நின்றது. பிறகு படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே துணி மடித்துக்கொண்டிருந்த உவைசின் மனைவி ருக்கையாவை இடிக்காமல் விலகி, வாசல் கதவின் வழியே தெருவுக்கு வந்து, வலப்புறம் திரும்பிக் கீழத்தெருவில் நுழைந்தது. இருபுறமும் திறந்து கிடந்த எந்த வீட்டு வாசலிலும் தன் வாடையில் ஒரு துளியும் சிந்தாமல், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஓர் ஆள் போவதுபோல் போய், நாச்சியா வீட்டு முன்படியில் அமர்ந்தது. கறி வெந்து முடிந்து கரி சாம்பலாகி, பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தது.

தெருவில் நின்ற பெண்கள் இருவர் அதற்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"யார் வீட்டுப் புகைடி இது?"

"உவைசு வீட்டுது. லாத்தா வீட்டுக்குப் போவுது."

"போவட்டும். ஏழு வருஷமா ஏறாத படி. முள்ளு கிள்ளு கிடக்கப் போவுது, பாத்துப் போவச் சொல்லு."

நாச்சியா உவைசின் லாத்தா, அதாவது உடன்பிறந்த மூத்த சகோதரி. அவரை அவ்வூர் பெரும்பாலும் பொய் சொன்னவர் என்றே அறிந்திருந்தது. அதற்குக் காரணம் ஏழு ஆண்டுகளுக்கு முன் உவைசு விடுப்பில் வந்து நடத்திய அவர் மகளின் கல்யாணம். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு நாச்சியாவின் கணவர் மவுத்தாகிவிட்டார். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் அவர் இருந்தார். மாப்பிள்ளைக்கு விடுமுறை குறைவு என்று உவைசு தேதியைத் தள்ளவில்லை. நாச்சியா அதற்கு வருந்தவும் இல்லை. புள்ள கல்யாணம் நடக்கட்டும் என்று அவரே சொல்லியனுப்பினார். ஆனால் கல்யாணத்தன்று ஆயிரம் பேருக்கு ஆக்கிய களரிக் கறியின் மணம் அவர் இருந்த இருட்டறையின் சன்னலுக்குள்ளும் நுழைந்தது. அவருக்கு உரிய கிண்ணம் மட்டும் வரவில்லை. ருக்கையா, கொழுந்தனார் எடுத்துப்போனார் என்று நினைத்தார். கொழுந்தனார், சமையல்காரர் கொடுத்தனுப்பினார் என்று நினைத்தார். உவைசு, இதையெல்லாம் நினைக்க வேண்டியவர்கள் நினைத்திருப்பார்கள் என்று நினைத்தார்.

மறுநாள் நாச்சியா ஆள்விட்டுக் கேட்டபோது, சபையில் இருந்த உவைசு, "அனுப்புனோமே" என்றார். அதை அவர் சொன்ன நேரத்தில் மெய்யென்றே நம்பிச் சொன்னார். அன்று பிற்பகல் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், மூடி போட்டு, மேலே வெற்றிலை வைத்து, அனுப்புவதற்கென்று எடுத்து வைத்த அந்தக் கிண்ணம் ஆறிப்போய் இருப்பதை அவரே கண்டார். கொல்லையில் கொட்டினார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். ருக்கையா மட்டுமே பார்த்தார். "வரவில்லை" என்று நாச்சியாவும் "அனுப்பினோம்" என்று உவைசும் சொன்னதால் இருவரில் ஒருவர் பொய்யராக வேண்டியிருந்தது. உவைசின் விருந்தை உண்டு ஏப்பம் விட்டிருந்த ஊர், அவர் பக்கம் சாட்சி சொல்லி, நாச்சியாவைத் தேர்ந்தெடுத்தது.

ஆகவே புகை போய் அமர்ந்த இடத்தைக் கண்ட அன்றே ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உவைசோடு சேர்ந்து தாமும் சாட்சி சொன்னது அவர்களுக்கு நினைவிருந்தது.

ருக்கையா மட்டும் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கேட்டார். "வாடை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போயிருக்குது. ஒரே ஒரு கிண்ணம். நானே கொண்டு போறேனே?"

"ஏழு வருஷம் கழிச்சுக் கிண்ணத்தோட போய் நின்னா என்ன அர்த்தம்? அன்னிக்கு அனுப்பலன்னு நானே சாட்சி சொன்னதா ஆவும்."

"அனுப்பலைதானே?"

"கோழி ஆறுது. சாப்புடு."

வெள்ளிக்கு வெள்ளி புகை போயிற்று. பங்கு போகவில்லை என்ற பேச்சு ஜமாஅத்தின் காதுக்கு எட்டியது. அங்கே உவைசு ஒரு நுட்பமான வாதத்தை வைத்தார். நாச்சியாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் மூக்கு வாடை அறியும் சக்தியை இழந்துவிட்டிருந்தது. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். "மல்லிகையும் மீன்செதிலும் ஒண்ணாத் தெரியிற மூக்குக்கு வாடைப் பங்கு எப்படிச் சேரும்?" என்று கேட்டார். பங்கு வாடை போன வீட்டுக்கு உரியதா, வாடையை அறிந்த மூக்குக்கு உரியதா என்று மூன்று அமர்வுகள் நடந்தன. ஆள் இல்லாத வீட்டுக்குக் கிண்ணம் போவதில்லையே என்றது ஒரு தரப்பு. தூங்குகிறவர் வீட்டுக்குப் போகிறதே என்றது மற்றது. மூன்றாம் அமர்வில் பள்ளிவாசல் ஆலிம்சா எழுந்து, "ஒரு கிண்ணம் கறி அனுப்புறதுக்கு இம்புட்டுச் சட்டம் தேவையில்லப்பா. அனுப்பாம இருக்குறதுக்குத்தான் தேவைப்படுது" என்று சொல்லிச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். அவரை எல்லோரும் மரியாதையோடு வழியனுப்பிவிட்டு, மூக்குக்கே உரியது என்று முடிவு செய்தார்கள்.

இதற்குள் ஊர் மற்றொன்றைக் கவனித்திருந்தது. உவைசு திறந்த மாடியில் சுடுகிறார். ஆனால் அண்டை வீடுகளில் ஒன்றுக்கும் வாடை இல்லை. பதினாறு கிண்ணம் மிச்சம். அந்த அடுப்பை வாங்கினால் நாமும் ஊருக்குக் கொடுக்காமல் ஊர் நடுவே கறி சுடலாமே என்ற எண்ணம் மேலத்தெருவில் தோன்றிக் கீழத்தெருவுக்குப் பரவ இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பரக்காத்து காக்கா லாரியில் அடுப்பு இறக்கினார்.

ஒவ்வொரு வீட்டுப் புகையும் ஒரு வீட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் புகைகள் தெருமுனைகளில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்தன. சைக்கிளில் வருகிறவர்கள் மணியடித்தார்கள். மீன்காரி கூடையை இறக்கிவைத்து, கடந்து போகட்டும் என்று காத்திருந்தாள். மரக்கடைக்காரர் வீட்டுப் புகை அடக்கத்தலத்துக்குள் போய் ஒரு கல்லறையின் மீசான் கல்லின் அருகே அமர்ந்தது. ஒருவர் வீட்டுப் புகை பஸ் நிலையத்துக்குப் போய் மதுரை வண்டியின் கடைசி இருக்கையில் ஏறிக்கொண்டது. அவர் விலக்கிவைத்த முதல் மனைவி மதுரைக்காரி. ஓர் அம்மாள் வீட்டுப் புகை மாடியிலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டாமல், அவர் அடுக்களைக்கே திரும்பிப் போய், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகளின் பக்கத்தில் நின்றது. மூன்று வீட்டார் மனமிரங்கிக் கிண்ணம் அனுப்பினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அம்மூவரின் புகையும் மறுவாரம் வேறு வீடுகளுக்குப் புறப்பட்டது. "ஒண்ணு தீந்தா இன்னொண்ணா? இது எங்க போயி முடியும்?" என்று அவர்கள் பயந்துபோனார்கள். அதன்பின் ஒருவரும் அனுப்பவில்லை.

இப்படியாக நல்ல அடுப்பு எது என்ற கேள்விக்கு அவ்வூரில் விடை மாறியது. தகட்டின் கனத்தைப் பற்றியோ கம்பிவலையின் உயரத்தைப் பற்றியோ பேசுவாரில்லை. எதில் புகை வராது என்பதொன்றே கேள்வி. ஒருநாள், ஊசி கொதிக்க வைக்கத்தான் ஆகும் என்று முன்பு தள்ளிய அதே கரண்டு அடுப்பை உவைசே வாங்கிப்போனார். அடுத்த மாதத்துக்குள் ஊரெங்கும் அதுதான். கறி வெளிறிப்போய் இருந்தது. மென்றால் ஈரத்துணி போல் இருந்தது. ஆனால் தெருக்களில் ஒரு புகையும் இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் முன்போல் அமைதியாயின. அமைதியை எல்லோரும் பாராட்டிக்கொண்டார்கள்.

உவைசு வீட்டுக்குக் கரண்டு அடுப்பு வந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக, நாச்சியா தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டினார். ருக்கையா திறந்தார்.

"உள்ள வாங்க மதினி. வாங்க, வந்து இருங்க."

"இருக்கட்டும்மா, நிக்கிறேன். அவன் மேல இருக்கானா?"

உவைசு கைப்பிடிச்சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். அக்காளைப் பார்த்தார், பேசியது மனைவியிடம். "ருக்கையா, நல்ல துண்டாப் பாத்து ஒரு கிண்ணத்துல போட்டுக் குடு."

ருக்கையா ஓடிப்போய்க் கொண்டுவந்தார். நாச்சியா கையை நீட்டவில்லை, மேலே பார்த்தார்.

"கறிக்கு வரல தம்பி. பல்லும் போச்சு, மூக்கும் போச்சு, எனக்கு எதுக்குக் கறி? நீ ஏழு வருஷமா வரல. சரி, வரலைன்னு இருந்துட்டேன். பொறவு ஒண்ணு வர ஆரம்பிச்சுச்சு. அஸருக்கு முன்னால வந்து படியில குந்தும். வாடை எனக்குத் தெரியாது; வந்து இருக்குறது தெரியும். மஃரிபு வரைக்கும் பேசிக்கிட்டு இருப்பேன். மச்சான் மவுத்தான கதை, நீ சின்னப்புள்ளையில மணல்ல விழுந்து பல்லை ஒடைச்ச கதை, எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும். ஒன்ன மாதிரிக் குறுக்கப் பேசாது. நல்லாத்தானே வந்துக்கிட்டு இருந்துச்சு. ஏன் நிப்பாட்டுனே?"

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாக ஒரு விரற்கடை திறந்தன. உவைசு கைப்பிடிச்சுவரை விட்டு நிமிர்ந்தார். அவர் வாயில் வந்துநின்ற சொல் எதுவாக இருந்திருக்கும் என்பதைப் பற்றி இரண்டு தெருக்களும் வெவ்வேறாகச் சொல்கின்றன. வெளிவந்த சொல்லைப் பற்றி வேறுபாடு இல்லை.

"அடுப்பு மாத்திட்டேன் லாத்தா."

 "அப்ப பழசை எடுத்துப் பத்த வை" என்றார் நாச்சியா, திரும்பி நடந்தார். கிண்ணம் ருக்கையாவின் கையிலேயே இருந்தது.

உவைசு அப்பொழுதே உருண்டை அடுப்பைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்தார். சவுக்குக்கரி அடுக்கினார். ஆட்டுத்தொடையின் நல்ல பகுதியை உப்பும் மிளகும் தடவி, ஆறு விரல் உயரத்தில் வைத்தார். ஊர் திரும்பிய பிறகு அவ்வளவு அக்கறையோடு அவர் எதையும் சுட்டதில்லை என்று ருக்கையா சொன்னதாகச் சொல்கிறார்கள். துளைவழியே புகை வந்தது. கைப்பிடிச்சுவரருகே நின்றது. பிறகு எல்லாப் புகையையும் போல மேலே எழுந்து, காற்றில் கலைந்து, பதினாறு வீடுகளுக்குள் நுழைந்தது. காற்று கடலை நோக்கி இருந்ததால், அதற்கு எதிர்ப்புறம் இருந்த நாச்சியா வீட்டுக்கு மட்டும் அது போகவில்லை. பதினாறு வீட்டார் கிண்ணத்துக்குக் காத்திருந்தார்கள். பதினாறும் வழக்கப்படி போயின.

ஏன் புகை வழி மாறியது என்பதற்கு விளக்கங்கள் பல. மூன்று வாரம் சாக்கில் கிடந்ததில் துளையின் திருகு துருவேறிவிட்டது என்பது மேலத்தெரு வழக்கு. புகை சொல்ல வந்ததை நாச்சியாவே வந்து சொல்லிவிட்டார், இனி அதற்கு அங்கே வேலை இல்லை என்பது கீழத்தெருப் பெண்களிடையே வழங்குவது. ஆட்டுக்கறிக்குப் பதில் கோழியாக இருந்தால் போயிருக்கும் என்பாரும் உண்டு. அன்று மாலை உவைசு வீட்டில் கூடிய ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: மூடியை மாற்று, கரியை மாற்று, அடுப்பைக் கிழக்குப் பார்த்து வை, இதைவிடக் கனத் தகட்டில் செய்தது ஒன்று இருக்கிறது, அதை வாங்கு. எல்லாம் அடுப்பைப் பற்றிய யோசனைகள். ருக்கையா ஒருமுறை எதையோ சொல்ல வாயெடுத்ததாகவும், தேநீர் கொண்டுவரும்படி அவரிடம் சொல்லப்பட்டதாகவும் ஒரேயொரு வழக்கில் காணப்படுகிறது.

நாச்சியா அந்த வெள்ளிக்கிழமை மஃரிபுவரை படியில் உட்கார்ந்திருந்தார் என்பவர்களும், இல்லை, விளக்கு வைத்தபின்னும் இருந்தார் என்பவர்களும் உண்டு. ஆடு எவ்வளவு எடை, யார் யார் யோசனை சொன்னார்கள், காற்று தெற்கா தென்மேற்கா என்பவற்றிலெல்லாம் தெருவுக்குத் தெரு, வாய்க்கு வாய் மாறுபாடு மிகுதி. அவற்றை ஒத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது இயலாது. எல்லோரும் ஒன்றுபோல் சொல்லும் செய்தி மறுநாள் காலையைப் பற்றியது. விடிந்து வெயில் ஏறுமுன்பே உவைசு கடைத்தெருவுக்குப் போய், பரக்காத்து காக்கா பூட்டைத் திறக்கும்வரை காத்து நின்று, இருப்பதிலேயே நல்லதாக, லாத்தா வீட்டு வாசல்வரை தவறாமல் புகை போகக்கூடியதாக, ஓர் அடுப்பு வேண்டும் என்று கேட்டார். முற்பகல் முழுதும் தட்டியும் அளந்தும் தேர்ந்து, ஒன்றை வாங்கி, தட்டுவண்டியில் ஏற்றி, அது சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வீட்டுக்கு வந்தார்.

அவர் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு ஒரே வழிதான். அது கீழத்தெருவில், நாச்சியா வீட்டுப் படியை ஒட்டிப் போகிறது. போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவு திறந்தே இருந்தது.